சனிக்கிழமை பறக்கலாமா? ஹேங் கிளைடிங்கும் வானிலைக் கணக்கும்

வியாழக்கிழமை இரவு கைபேசியைத் திறந்தால் சனிக்கிழமைக்கு நேராக மஞ்சள் சூரியன் பளிச்சென்று இருக்கும். மழை வாய்ப்பு 0 சதவீதம். உடனே நண்பர்களிடமிருந்து செய்தி வரும்: "வெதர் சூப்பர், கிளம்பலாம்." ஹேங் கிளைடிங் (எஞ்சின் இல்லாத இறக்கையில் தொங்கியபடி மலையிலிருந்து பறக்கும் விளையாட்டு) பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பத்தில் இந்தச் சூரியனை நம்பித்தான் கிளம்புகிறார்கள். மலைமேல் போய் நின்றால் ஒரு இலைகூட அசையாமல் இருக்கலாம். காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கலாம். ஆளை நிற்கவிடாமல் தள்ளலாம். அல்லது வந்து இறங்கியபோது எல்லாம் அருமையாக இருந்து, கிளைடரின் பாகங்களைப் பூட்டி முடிக்கும் நேரத்தில் காற்று இரண்டு மடங்காகியிருக்கலாம். இந்த நான்கு நாட்களிலும் வானம் ஒரே நீலம்தான், படத்தில் ஒரே சூரியன்தான். குடை எடுக்க வேண்டுமா என்பதற்கு அந்தப் படம் பதில் சொல்லும். பறக்க முடியுமா என்பதற்கு வேறு எண்களைப் பார்க்க வேண்டும்.

அந்த எண்கள் எவை, வார நடுவிலிருந்து சனிக்கிழமை காலை வரை எந்த வரிசையில் பார்ப்பது, பார்த்துவிட்டு எப்படி முடிவெடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். முதலிலேயே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த வானிலையில் பறக்க மாட்டேன் என்பதை வீட்டில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவதுதான் திட்டமிடலில் பெரும்பகுதி. வானிலை அறிவிப்பைப் படிப்பதெல்லாம் அதற்கு அடுத்த வேலை.

எதிர்காற்று என்கிற கடன்

ஹேங் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. அலுமினியக் குழாய்களும் துணியும் சேர்ந்த முக்கோண இறக்கை. எடை பெரும்பாலும் 25 முதல் 35 கிலோ. தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் மணிக்குச் சுமார் 30 கிமீ வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். புறப்படும்போது இந்த 30-ஐ எப்படியாவது எட்ட வேண்டும். எதிரே 20 கிமீ காற்று வீசினால், நின்ற இடத்திலேயே இறக்கைக்கு 20 கிடைத்துவிட்டது. மீதி 10-ஐ நாலைந்து எட்டு ஓடிச் சேர்த்துவிடலாம். காற்றே இல்லையென்றால் முழு 30-ஐயும் கால்களும் சரிவும்தான் தர வேண்டும். பின்னாலிருந்து 10 கிமீ வீசினால் தரையில் 40 கிமீ வேகம் தேவை. முப்பது கிலோ இறக்கையைத் தோளில் சுமந்துகொண்டு அந்த வேகத்தில் யாரும் ஓட முடியாது.

அப்படியானால் எதிர்காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. காற்று தரும் விசை அதன் வேகத்தின் இருமடியாகப் பெருகும். 20 கிமீ காற்று 28 ஆனால் விசை இரண்டு மடங்கு. 40 ஆனால் நான்கு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொலவடைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இறக்கையைத் தோளில் வைத்து நிற்கும்போதே ஒரு பக்கம் தூக்கிப் புரட்டிவிட அது போதும். மேலே போய்விட்டாலும் சிக்கல் தீராது. நீங்கள் 40 கிமீ வேகத்தில் பறக்க, எதிர்க்காற்றும் 40 என்றால் தரைக்கு மேல் அப்படியே நிற்பீர்கள். காற்று இன்னும் கொஞ்சம் ஏறினால் மெல்ல மெல்லப் பின்னால் போக ஆரம்பித்து, முகட்டைத் தாண்டி அதன் மறுபக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கே காற்று ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதுபோலக் கீழ்நோக்கிச் சுருண்டு சுழலும். பறப்பவர்கள் அதை ரோட்டர் என்பார்கள். எந்த அனுபவசாலிக்கும் அங்கே வேலை இல்லை.

வார இறுதியில் மட்டும் பறக்கிறவருக்கு முகட்டில் 12 முதல் 25 கிமீ வரை, ஏறக்குறைய நேர் எதிரே வரும் காற்று வசதியானது. திசை 30 டிகிரிக்கு மேல் விலகினால் யோசிக்க வேண்டும். 45 டிகிரி விலகினால் நான் இறக்கையை உறையிலிருந்து எடுப்பதே இல்லை.

திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓட்டோ லிலியெந்தாலின் குன்று நல்ல சாட்சி. ஜெர்மனியில் 1891 முதல் கிளைடரில் பறந்து பழகிய இவர், 1894-இல் பெர்லின் அருகே சுமார் 15 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவில் ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பிவிட்டார். கூம்பு என்பதால் எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் அதை எதிர்த்து ஓடிப் புறப்படலாம். அவரே 1896 ஆகஸ்டு 9 அன்று வேறொரு மலையில் பறந்துகொண்டிருந்தபோது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விழுந்து, மறுநாள் இறந்தார். நமக்குக் கூம்பு மலை கிடைக்காது. ஆகவே வெவ்வேறு திசை பார்த்த இரண்டு மூன்று மலைகளைக் கைவசம் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கமோ அந்த மலைக்குப் போவதுதான் வழி. "எந்த மலைக்குப் போகலாம்?" என்ற கேள்விக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் சொல்லிப் பழகாதீர்கள். மலையை முதலில் முடிவுசெய்துவிட்டால், காற்றை அதற்கேற்றபடி வளைத்துப் படிக்க மனம் தானாகவே முயலும்.

திசை பற்றி இன்னொன்று. வானிலை வரைபடத்தைப் புதிதாகப் படிக்கிறவர்கள் அம்புக்குறியில் தடுமாறுவார்கள். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவதா, மேற்கு நோக்கிப் போவதா? தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. புறப்பட்ட இடத்தை வைத்தே காற்றுக்குப் பெயர். வானிலை அறிவிப்பும் அப்படித்தான்: 270 டிகிரி என்றால் மேற்கிலிருந்து வருகிறது, மேற்கு பார்த்த மலையில் நேர் எதிரே அடிக்கும்.

எந்த உயரத்துக் காற்று?

செயலிகள் முதலில் காட்டும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. உலகம் முழுவதும் அளவீட்டுக்கு வைத்திருக்கும் வழக்கமான உயரம் அது. நீங்கள் நிற்கப் போவதோ சமவெளியிலிருந்து பல நூறு மீட்டர் மேலே. தரையில் மரமும் வீடும் உரசிக் காற்றைத் தணிக்கும்; மேலே அந்தத் தடை இல்லை. அதோடு முகட்டைத் தாண்டும்போது காற்று நெருக்கப்பட்டு இன்னும் வேகமெடுக்கும். ஆகவே மலை உயரத்துக்கு ஒத்த அழுத்த மட்டத்தின் காற்றைப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டர் வாக்கில் என்றால் 925 மில்லிபார், 1,500 வாக்கில் 850, 3,000 வாக்கில் 700. பல செயலிகளில் ஓரமாக ஒரு பட்டையை மேலே கீழே இழுத்தால் இந்த மட்டங்கள் மாறும். பெரும்பாலானோர் அந்தப் பட்டையைத் தொடுவதே இல்லை.

வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரி (model) உங்கள் மலையைப் பார்த்ததே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரி பூமியைச் சுமார் 9 கிமீ கட்டங்களாகப் பிரிக்கிறது; அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரி சுமார் 13 கிமீ. ஒரு கிலோமீட்டர் அகல முகடு இந்தக் கட்டத்துக்குள் கரைந்து, ஒரு மெல்லிய மேடாகத்தான் மிஞ்சும். பள்ளத்தாக்கில் பகலில் கிளம்பும் காற்று, முகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் பீறிடும் காற்று, கடற்காற்று உள்ளே நுழையும் சரியான நேரம் ஆகிய எல்லாவற்றிலும் மாதிரி தடுமாறும். இவற்றைச் சிறு கட்டங்களில் கணக்கிடும் வட்டார மாதிரிகள் உண்டு. கிடைத்தால் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் அந்த மலையில் பல வருடம் பறந்தவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் "அங்கே மத்தியானத்துக்கு மேல் காற்று இடப்பக்கம் திரும்பிடும்" என்ற ஒரு வரிக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன்.

அப்புறம் வீச்சு (gust), அதாவது காற்று இடையிடையே திடீரென்று எட்டும் உச்ச வேகம். சராசரி 18 கிமீ, வீச்சு 22 என்றால் காற்று சீராக ஓடுகிறது. சராசரி 18, வீச்சு 36 என்றால் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் விசை நான்கு மடங்கு எகிறி இறங்குகிறது. இரண்டு நாட்களுக்கும் சராசரி ஒன்றுதான்! நான் முதலில் வீச்சைத்தான் பார்ப்பேன். சராசரிக்கும் வீச்சுக்கும் இடைவெளி 12 கிமீயைத் தாண்டினால் அந்த மணிநேரத்தை அடித்துவிடுவேன்.

புதன் முதல் வெள்ளி வரை

திங்கட்கிழமை எடுத்த முன்கணிப்பை வைத்துச் சனிக்கிழமையின் மணிநேரக் காற்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. 1961-இல் அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினியில் ஒரு வானிலைக் கணக்கைத் திரும்ப ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் ஒன்றாக ஓடிய இரண்டு கணக்குகளும் பிறகு சம்பந்தமே இல்லாமல் பிரிந்துபோயின. ஆரம்பத்தில் உள்ள மிகச் சிறிய பிழையும் நாளாக ஆகப் பெரிதாகும் என்பது அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு கணினிகளும் செயற்கைக்கோள்களும் மேம்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற வீதத்தில் முன்கணிப்பின் எட்டும் தூரம் நீண்டிருக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி புயல், உயரழுத்தம், தாழ்வழுத்தம் போன்ற பெரிய உருவங்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். ஒரு முகட்டில் பதினொரு மணிக்கு 20 கிமீயா 30 கிமீயா என்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது.

ஆகவே புதன்கிழமை பெரிய படத்தை மட்டும் பாருங்கள். சமவழுத்தக் கோடுகள் (ஒரே காற்றழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருக்கமாக ஓடினால் காற்று பலமாக இருக்கும். விலகி ஓடினால் மெதுவாக. உயரழுத்தம் மேலே உட்கார்ந்திருந்தால் வானம் தெளிவாக, காற்று சாந்தமாக இருக்கும், ஆனால் மேலேற்றம் பலவீனமாகலாம். குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்த அன்று காற்று முரட்டுத்தனமாக இருந்தாலும், அதற்கு மறுநாள் பெரும்பாலும் அருமையான நாளாக அமையும்.

இதோடு கூட்டு முன்கணிப்பையும் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய மையம் தன் மாதிரியை ஆரம்ப நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 50 தடவையும், மாற்றாமல் ஒரு தடவையும் ஓட்டுகிறது. இந்த 51 கோடுகளும் சனிக்கிழமைக்கு நேராக ஒரு கயிறுபோல ஒட்டி ஓடினால் நம்பலாம். தென்னந்துடைப்பம்போல விரிந்துபோனால், செயலி காட்டும் ஒற்றை எண் அந்த 51-இல் ஒன்று மட்டும்தான். அப்படிப்பட்ட வாரங்களில் யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் வெள்ளி இரவு வரை பொறுப்பதே மரியாதை. கூட வருகிறவர்களும் தங்கள் சனிக்கிழமையை உங்களை நம்பித்தான் ஒதுக்குகிறார்கள்.

வெள்ளி இரவு மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். மேற்கு பார்த்த ஒரு மலைக்கு இப்படி ஒரு பட்டியல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்குத் தென்மேற்கு 12, வீச்சு 18. நண்பகலில் மேற்கு 20, வீச்சு 30. மாலை 3 மணிக்கு மேற்கு 26, வீச்சு 42. நண்பகலில் 925 மில்லிபார் மட்டத்தில் 28. ஒன்பது மணிக்குத் திசை 45 டிகிரி விலகியிருக்கிறது, ஆனால் மேற்காகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நண்பகலில் திசை கச்சிதம். ஆனால் முகட்டில் 28-ஐ ஒட்டி இருக்கும், வீச்சு அதற்கும் மேலே. மூன்று மணியைப் பேசவே வேண்டாம். ஆக, சூரியன் படம் போட்ட இந்த முழு நாளில் பறக்கத் தக்கது பத்து முதல் பதினொன்றரை வரை, ஒன்றரை மணிநேரம். கிளைடரைப் பூட்டிச் சரிபார்க்க முக்கால் மணிநேரம், வானத்தைப் பார்த்து நிற்க அரை மணிநேரம் என்று வைத்தால் எட்டே முக்காலுக்கு முகட்டில் இருக்க வேண்டும். வீட்டில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பது இந்தப் பட்டியலிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வரும். பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பியிருந்தால் அதே நாள் "காற்று சரியில்லை" என்ற நாளாகப் பதிவாகியிருக்கும்.

தெர்மல் கிளம்பும் நேரம்

முகட்டில் மோதி மேலேறும் காற்றில் மட்டும் மிதப்பதென்றால் இதுவரை சொன்னதே போதும். உயரம் எடுத்துத் தூரம் போக ஆசைப்பட்டால் தெர்மல் வேண்டும்: வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று. கிளைடர் அசையாத காற்றில் நொடிக்கு ஒரு மீட்டர் வாக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட வேகமாக மேலேறும் காற்றுக்குள் சுற்றினால் உயரம் கூடும்.

தெர்மல் எப்போது கிளம்பும் என்பதை ஒரு சின்னக் கணக்கால் சொல்லலாம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலேறும் காற்று, மேகமாகாத வரை, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குளிரும். இரவில் தரை குளிர்வதால் காலையில் கீழே குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் மூடிபோல இருக்கும். இதை வெப்பத் தலைகீழ் என்பார்கள். காலை ஏழு மணிக்குத் தரையில் 20 டிகிரி, அதற்கு 400 மீட்டர் மேலே 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து கிளம்பும் காற்று 400 மீட்டர் ஏறுவதற்குள் 4 டிகிரி இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது 24-ஐவிடச் சூடாக இருந்தால்தான் மூடியைத் துளைத்து மேலே போகும். அப்படியென்றால் தரை 28 டிகிரியைத் தாண்ட வேண்டும். மணிநேர வெப்பநிலையில் 28 எப்போது வருகிறது என்று பாருங்கள். பதினொரு மணி என்றால் அதற்கு முன்னால் புறப்படுகிறவர் சும்மா கீழே இறங்கி நிற்பார். அன்றைக்கு அதிகபட்சமே 27 என்றால் மூடி திறக்கவே திறக்காது. மேலடுக்கு வெப்பநிலைகளை உலகெங்கும் தினம் இரண்டு வேளை பறக்கவிடும் வானிலை பலூன்கள் அளக்கின்றன. மாதிரிகள் தரும் செங்குத்து வரைபடத்திலும் கிடைக்கும்.

மேகத்தின் அடிவயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதும் இப்படியே. வெப்பநிலையிலிருந்து பனிநிலை வெப்பத்தை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். வெப்பம் 30, பனிநிலை 18 என்றால் 12 டிகிரி வித்தியாசம். மேகம் தரையிலிருந்து சுமார் 1,500 மீட்டரில். மலையே 1,200 மீட்டர் எழுந்து நின்றால் மிஞ்சும் இடம் 300 மீட்டர்தான், அது போதாது.

2012 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஸபாட்டா என்ற ஊரிலிருந்து டஸ்டின் மார்ட்டின் ஹேங் கிளைடரில் 764 கிமீ பறந்தார். அன்று அவரோடு பறந்த ஆஸ்திரேலியர் ஜானி டூராண்டும் ஏறக்குறைய அதே தூரம் போனார். இருவருக்கும் ஒரே நாள், ஒரே காற்று. கடலிலிருந்து உள்நாடு நோக்கி நாள் முழுக்க ஓடும் தென்கிழக்குக் காற்று, காலையிலேயே கிளம்பும் மேகங்கள், தடையில்லாத சமவெளி ஆகியவற்றுக்காகவே தூரம் பறக்கும் சாதனையாளர்கள் கோடையில் அங்கே முகாமிட்டு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நாள் சனி அல்லது ஞாயிறு என்று நாட்காட்டி முடிவுசெய்துவிட்டது. வானிலையிடம் அதைச் சொல்ல முடியாது.

நடுப்பகல் தெர்மல் முரட்டுத்தனமானது என்பதையும் சொல்ல வேண்டும். பழகுநராக இருந்தால் காலை அல்லது மாலையைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் சரிவுகள் குளிரத் தொடங்கும்போது, பகலெல்லாம் பள்ளத்தாக்கில் சேர்ந்த சூடான காற்று அகலமாக, மெதுவாக மேலே எழும் நாட்கள் உண்டு. அந்த ஒரு மணிநேரம் காற்று வெண்ணெய்போல இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரமே கூடாது: இடி. மேலே போகப் போக வேகமாகக் குளிரும் காற்றும், கீழே நிறைய ஈரமும் சேர்ந்தால் நல்ல தெர்மல் நாளே பிற்பகலில் இடிமேகமாகிவிடும். அதிலிருந்து கொட்டும் குளிர்காற்று பல கிலோமீட்டர் முன்னால் ஓடிவந்து, மழையே பெய்யாத மலையில் காற்றைத் திருப்பிப் போடும். 2007 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் பாராகிளைடரில் பறந்த ஏவா விஷ்னியர்ஸ்காவை இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. நினைவிழந்து, பனி உறைந்த உடம்போடு அவர் உயிர் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே ஜோங்பின் இறந்துபோனார். இருவரும் கைதேர்ந்தவர்கள். முன்கணிப்பில் பிற்பகல் இடி என்றிருந்தால், காலையில் பறந்து நண்பகலுக்குள் இறக்கையை மடித்துவிட முடியுமா என்று மட்டும் பாருங்கள். பத்து மணிக்கே மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்து நின்றால் அந்தக் காலையும் கிடையாது.

வெள்ளி இரவு எழுதும் நாலு வரி

எண்களையெல்லாம் பார்த்த பிறகு ஒரு தாளில் எழுதுவேன்: இந்த வேகத்துக்கு மேல் புறப்பட மாட்டேன், இந்தத் திசையைத் தாண்டினால் புறப்பட மாட்டேன், இந்த மணிக்கு மேல் புறப்பட மாட்டேன், இதையெல்லாம் கண்டால் பூட்டவே மாட்டேன். நாலே வரி. கூட வருகிறவருக்கும் அனுப்பிவிடுவேன்.

இது எதற்கு என்றால், மலைமேல் நிற்கும் மனம் வேறு. மூன்று மணிநேரம் வண்டி ஓட்டி வந்திருப்போம். ஆறு மீட்டர் நீள மூட்டையைச் சுமந்து ஏறி, துணிக்கு வடிவம் தரும் சட்டங்களை ஒவ்வொன்றாகச் செருகி, கம்பிகளை இழுத்துக் கட்டி, வியர்வையோடு நிற்போம். அடுத்த வாய்ப்பு ஏழு நாள் கழித்து. முன்னால் ஒருவர் புறப்பட்டு அழகாக மேலே மிதந்துகொண்டிருப்பார். அந்த நிலையில் 30 கிமீ காற்று 26-ஆகத் தெரியும். அவருக்கு இருபது வருட அனுபவமும் வேகமான இறக்கையும் இருக்கலாம் என்பது அப்போது நினைவுக்கு வராது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து எழுதிய எண்ணுக்கு இந்த இழுப்பு எதுவும் இல்லை. அதனால்தான் அதை நம்புகிறேன்.

முகட்டில் அரை மணிநேரம்

போய்ச் சேர்ந்ததும் வண்டியிலிருந்து எதையும் இறக்காமல் முதலில் காற்றைப் பாருங்கள். 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கும். இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் அசைந்து, மெல்லிய கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19 கிமீ. தூசியும் காகிதமும் பறந்து சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28. இலை நிறைந்த சிறு மரமே ஆடினால் 29-க்கு மேல், நம் கணக்கில் முடிந்துவிட்டது. தூரத்து மலைகளுக்கு மேல் மீன் வடிவில் வழவழப்பான மேகம் அசையாமல் நின்றால் மேலே பலத்த காற்று அலையாக ஓடுகிறது என்று பொருள். கீழே சாந்தமாக இருந்தாலும் அது எப்போது வேண்டுமானாலும் இறங்கி வரலாம்.

புறப்படும் இடத்தின் விளிம்பில் ஒரு குச்சியில் சாண் நீள ரிப்பன் கட்டியிருக்கும். சரிவில் கொஞ்சம் கீழே இன்னொன்று. இரண்டையும் கடிகாரத்தோடு பார்க்க வேண்டும். கீழ் ரிப்பன் முதலில் நிமிரும், சில நொடி கழித்து மேல் ரிப்பன். அப்படியே நின்று, துடித்து, தளரும். அதற்குப் பெயர் சுழற்சி. நிமிர்வதற்கும் தளர்வதற்கும் இடையே எத்தனை நொடி, அடுத்தது வர எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். நாற்பது நொடி சீராக நிமிர்ந்து நின்றால் நிதானமாகப் புறப்படலாம். மேல் ரிப்பன் பின்பக்கம் திரும்பி மூன்று நொடி முகட்டுக்கு வெளியே சுட்டினால், மலைக்குப் பின்னாலிருந்து காற்று எட்டிப் பார்க்கிறது. நீங்கள் நான்காவது எட்டு ஓடும்போது அது வந்தால் என்னவாகும்? ஒரு தடவை அப்படித் திரும்பினால் இன்னும் பதினைந்து நிமிடம் காத்திருப்பேன். மூன்று தடவை திரும்பினால் மடித்துவிடுவேன்.

இடம் உயரமாகவும் சூடாகவும் இருந்தால் காற்று அடர்த்தி குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறப்படும் வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். தாழ்வான குன்றில் பழகிய கால்களுக்கு உயரமான மலையில் காற்றில்லாத காலை கடினமாக இருப்பது இதனால்தான்.

இறங்கும் திடலுக்கும் தனியாக ஒரு பார்வை வேண்டும். முகட்டில் மேற்குக் காற்று வீசும்போதே கீழே பள்ளத்தாக்குக் காற்று வேறு திசையில் ஓடலாம். பிற்பகலில்தான் அது உச்சத்தில் இருக்கும். போகும் வழியில் திடலில் நிறுத்தி ஒரு காற்றுப்பையை நட்டுவிட்டு மேலே ஏறுங்கள். தரையை நெருங்க நெருங்கக் காற்று திடீரெனக் குறையும் என்பதால், கடைசி முப்பது மீட்டரில் கூடுதல் வேகத்தோடு வர வேண்டும். முகட்டில் 25 கிமீ வீசும் நாளில் இது இன்னும் அவசியம்.

சனிக்கிழமை மடித்துக்கொண்டு வந்தாலும் ஞாயிறு இருக்கிறது. நள்ளிரவில் மாதிரிகள் மறுபடி ஓடியிருக்கும். காலையில் புதிய எண்களைப் பார்த்து, தாளில் அதே நாலு வரியை மறுபடி எழுதலாம். அடுத்த மலை காற்றுக்குச் சரியாக இருக்கலாம்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஞாயிறு இரவு ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் முன்கணிப்பும் வலப்பக்கம் முகட்டில் அளந்ததும் எழுதி வைக்கிறேன். ஐந்து நிமிட வேலை. ஒரு மலைக்கு இருபது வரி சேர்ந்ததும் அந்த மலைக்கான திருத்தம் கிடைத்துவிடும். நான் அதிகம் போகும் மலைக்கு நேராக என் குறிப்பேட்டில் இப்போது இருப்பது இது: மாதிரி மேற்கு 18 என்றால் முகட்டில் 25; பதினொரு மணிக்கு மேல் இன்னும் 5 கூட்டிக்கொள்ள வேண்டும்; வடமேற்கு என்று வந்தால் வேறு மலை.